பாட்டு காப்பி எடுக்க விலை கூடிய சிடி தேவையா?

பிளாங்க் சிடி வாங்கப் போனால் இரண்டு வகை எதிரே வரும். ஐம்பது சிடிகளை நடுக்கம்பியில் கோத்து உருளை டப்பாவில் அடைத்து விற்பது ஒன்று. தனித்தனிப் பெட்டியில், மேலே 'மியூசிக்', 'புரோ', 'ஆர்க்கைவல்', 'கோல்டு' என்று ஏதாவது ஒரு சொல்லோடு, பல மடங்கு விலையில் வருவது இன்னொன்று. இரண்டிலும் 80 நிமிடம், 700 எம்பி என்றுதான் போட்டிருக்கும். பழைய காரில் கேட்க, வீட்டு சிடி பிளேயரில் போட, ஒரிஜினலைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு காப்பியைப் புழங்க என்று இன்றும் சிடி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. கடையில் கேட்டால் "சவுண்டு நல்லா இருக்கும் சார்" என்பார்கள். அது சரியில்லை. அதற்காக அந்தக் காசு முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. நல்ல சிடி தருவது வேறு ஒன்று. அதைப் புரிந்துகொள்ள, சிடிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சிடியில் இருப்பது எண்கள்

ஆடியோ சிடியில் ஒலி நேரடியாகப் பதிவாவதில்லை. இடது, வலது என்று இரண்டு சேனலிலும் வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக, அதாவது 0, 1 மட்டும் கொண்ட 16 இலக்க வரிசையாக மாற்றி வைக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 14,11,200 பிட்.

கடையில் வாங்கும் திரைப்பாடல் சிடி அச்சடித்தது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலேயே நுண்ணிய பள்ளங்களை அழுத்தி, அதன்மேல் அலுமினியம் பூசியிருப்பார்கள். நாம் எழுதும் சிடியில் அந்தப் பள்ளங்கள் கிடையாது. மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகப் போகும் ஒரு தடம் மட்டும் முன்கூட்டியே போட்டிருக்கும். அதன்மேல் ஒரு சாயம், சாயத்தின்மேல் வெள்ளியோ தங்கமோ ஒரு மெல்லிய பூச்சு, அதற்கும் மேல் அரக்கு, கடைசியில் லேபிள். ரைட்டரின் லேசர் சாயத்தை அங்கங்கே சுடுகிறது. சுட்ட இடத்தில் ஒளி குறைவாகத் திரும்பும், சுடாத இடத்தில் நன்றாகத் திரும்பும். பிளேயருக்கு அது பள்ளமும் மேடும் போலத் தெரிகிறது. 80 நிமிடச் சிடியில் இந்தச் சுருளை நீட்டிப் பிடித்தால் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் வரும். அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரமோ சுமார் 1.5 மைக்ரோமீட்டர்.

இத்தனை நுணுக்கமான வேலையில் பிழை வராமல் இருக்காது. ஐம்பது ரூபாய் சிடியானாலும் ஐந்நூறு ரூபாய் சிடியானாலும் வரும். அச்சடித்த ஒரிஜினலிலும் வரும். சிடியை வடிவமைத்த பிலிப்ஸ், சோனி பொறியாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் பிழை திருத்தும் ஏற்பாட்டை உள்ளேயே வைத்துவிட்டார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அடுத்து வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிழை எப்படித் திருந்துகிறது

எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். பாட்டின் எண்கள் 24 பைட், 24 பைட்டாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு 24-க்கும் 8 சோதனை பைட் சேர்த்து 32 ஆக்குவார்கள். இந்தச் சோதனை பைட்கள் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வந்தவை. ஆகவே சில பைட்கள் கெட்டாலும், மிச்சத்தை வைத்துக் கெட்டது என்னவாக இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஊகம் இல்லை, கணக்கு. திரும்பக் கிடைப்பது அச்சு அசல் அதே எண்.

இதோடு இன்னொரு வேலையும் செய்கிறார்கள். அடுத்தடுத்த பைட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், தடம் நெடுகச் சிதறி வைக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது பணத்தை ஒரே பையில் வைக்காமல் வீட்டில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து வைப்போமே, அந்த மாதிரி. ஒரு பை தொலைந்தாலும் பயணம் நிற்காது. சிடியின் கீறல் ஓரிடத்தில் விழுந்தாலும், அது பல துண்டுகளில் ஆளுக்கு ஒன்றிரண்டு பைட்டைத்தான் கெடுக்கும். அந்த ஒன்றிரண்டைச் சோதனை பைட்கள் சரிசெய்துவிடும். தடத்தின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை முழுக்கக் காணாமல் போனாலும், பாட்டின் எண்கள் குறையில்லாமல் திரும்பி வரும்.

திருத்தம் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டம் சி1, இரண்டாவது சி2. சி1-இல் பிடிபடும் பிழைகள் எல்லாச் சிடியிலும் உண்டு. வினாடிக்கு 220 வரை இருக்கலாம் என்பதே தரவிதி. சி1-ஆல் முடியாதது சி2-க்குப் போகும். அதனாலும் முடியாதபோதுதான் பிளேயர் ஊகிக்க ஆரம்பிக்கிறது. முன்னும் பின்னும் உள்ள அளவுகளைப் பார்த்து நடுவில் ஒன்றைப் போட்டு நிரப்பும். அதற்கும் வழியில்லை என்றால் ஒரு கணம் சத்தத்தை நிறுத்திவிடும். தடத்தையே தவறவிட்டால் பாட்டு தாவும், இல்லையென்றால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்.

இதிலிருந்து தெரிவது என்ன? மோசமான சிடி கெட்டால் 'டிக்' என்று கேட்கும், தாவும், சிக்கும், அல்லது பிளேயர் "நோ டிஸ்க்" என்று காட்டும். மிருதங்கத்தின் தொப்பி குறைந்து கேட்பது, குரலில் இனிமை போவது, வீணையின் கார்வை மழுங்குவது, இதெல்லாம் நடக்க வழியே இல்லை. பேஸ் மட்டும் குறைய வேண்டுமென்றால் லட்சக்கணக்கான எண்கள் ஒரே ஒழுங்கில் மாற வேண்டும். கீறலுக்கும் தூசிக்கும் அந்த ஞானம் கிடையாது.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம்

யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரிஜினல் சிடியிலிருந்து பாட்டுகளை வேவ் கோப்புகளாக, அதாவது சுருக்கப்படாத ஒலிக்கோப்புகளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எட்டு எழுத்தில் ஒரு சோதனைக் குறியீடு வரும். அந்தக் கோப்புகளை ஒரு சாதாரணச் சிடியிலும் ஒரு விலை கூடிய சிடியிலும் எழுதுங்கள். பிறகு இரண்டையும் திரும்ப உள்ளே போட்டு, பாட்டுகளை மறுபடி எடுங்கள். குறியீடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பிட் மாறியிருந்தாலும் குறியீடு முழுக்க வேறாகிவிடும். சிடி இரண்டும் ஓரளவு ஒழுங்கானவை என்றால், ஒரிஜினலின் குறியீடும் இரண்டு காப்பிகளின் குறியீடும் ஒன்றாகவே இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில டிரைவ்கள் பாட்டின் தொடக்கத்தைச் சில நூறு அளவுகள் முன்னே பின்னே தள்ளி எடுக்கும். அந்த நகர்வை மென்பொருளில் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் குறியீடு பொருந்தாது. உடனே "பார்த்தீர்களா, மலிவுச் சிடி கெடுத்துவிட்டது" என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

எண்கள் ஒன்றாக இருந்தும் காதுக்கு வித்தியாசம் தெரிகிறது என்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் சிடிக்கு வெளியே இருக்கும். சிடி எழுதும் மென்பொருள்களில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி ஒன்று உண்டு. அது டிக் ஆகியிருந்தால் எண்களே மாறிவிடும். சத்தம் ஒரு துளி கூடினாலும் நம் காது அதை 'நல்ல தரம்' என்றே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, இணையத்தில் இறக்கிய எம்பி3-ஐ ஆடியோ சிடியாக எழுதிவிட்டு ஒரிஜினலோடு ஒப்பிடுவது. கோப்பைச் சிறிதாக்க எம்பி3 ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிடும். அதில் தொலைந்தது தொலைந்ததுதான், தங்கத்தில் எழுதினாலும் வராது. 1990 வாக்கில் வெளிநாட்டு ஆடியோ ரசிகர்கள் சிடியின் விளிம்பில் பச்சை மார்க்கர் பூசினால் ஒலி தெளியும் என்று நம்பி, அதற்கென்றே பேனா வாங்கிப் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வகை நம்பிக்கை இன்னும் போகவில்லை. கறுப்புச் சிடி நன்றாகப் பாடும் என்பதும் அப்படிப்பட்டதுதான். பிளேயரின் லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அகச்சிவப்பு. நமக்குக் கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் அதற்கு ஜன்னல் கண்ணாடி மாதிரிதான், ஊடுருவிப் போய்விடும்.

'மியூசிக்' என்று எழுதியிருப்பது ஏன்?

இது பலருக்கும் தெரியாத கதை. அமெரிக்காவில் 1992-இல் வீட்டு ஒலிப்பதிவு குறித்து ஒரு சட்டம் வந்தது. டிஜிட்டல் காப்பியால் விற்பனை போய்விடும் என்று பயந்த இசை நிறுவனங்களைச் சமாதானப்படுத்த, ஒலிப்பதிவுக்கென்று விற்கும் டிஜிட்டல் கருவிகளுக்கு 2 சதவீதமும், வெற்று நாடா, வட்டுகளுக்கு 3 சதவீதமும் உரிமைத்தொகை வசூலிக்க அது வழிசெய்தது. அந்தத் தொகை செலுத்தப்பட்ட சிடிதான் 'மியூசிக்' அல்லது 'டிஜிட்டல் ஆடியோ' என்ற பெயரோடு வருவது. அதன் தடத்தில் ஓர் அடையாளக் குறி மட்டும் கூடுதலாக இருக்கும். கம்ப்யூட்டர் இல்லாமல், ஆம்பிளிஃபயரோடு இணைத்து நேரடியாகப் பதிவு செய்யும் வீட்டு சிடி ரெக்கார்டர்கள் அந்தக் குறியைத் தேடும். இல்லையென்றால் எழுத மறுத்துவிடும்.

கம்ப்யூட்டரின் ரைட்டர் அந்தக் குறியைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே உங்களிடம் அந்த மாதிரி ரெக்கார்டர் இருந்தால் மியூசிக் சிடி கட்டாயம். இல்லையென்றால் அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் நல்ல சிடி எதற்கு?

ஒலிக்கு இல்லை. ஆயுளுக்கு. எழுதிய அன்று எல்லாச் சிடியும் பாடும், பத்து வருஷம் கழித்து எது பாடும் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அது சாயத்திலும் அதன்மேல் உள்ள உலோகத்திலும் இருக்கிறது.

சாயத்தில் மூன்று குடும்பங்கள். முதலாவது சயனின். எழுதும் சிடியை 1988-இல் கொண்டுவந்த ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் பயன்படுத்தியது இதுதான். ஆரம்பகாலச் சயனின் வெளிச்சத்துக்குச் சீக்கிரம் வெளுத்துப்போகும் குணமுள்ளது. பிறகு அதைத் தேற்றினார்கள். இரண்டாவது தாலோசயனின். ஜப்பானின் மிட்சுயி இதில் முன்னோடி. அடிப்பக்கம் ஏறக்குறைய நிறமில்லாமல், லேசான மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும். வெளிச்சத்தைத் தாங்குவதில் இதற்கு நல்ல பெயர். மூன்றாவது ஆசோ. மிட்சுபிஷி கெமிக்கல் உருவாக்கியது, வெர்பேட்டிம் பெயரில் வந்தது. அடிப்பக்கம் ஆழ்ந்த நீலமாக இருந்தால் அநேகமாக இதுதான்.

உலோகத்தில் வெள்ளி மலிவு, ஒளியை நன்றாகத் திருப்பும். ஆனால் காற்றிலுள்ள கந்தகம் பட்டால் கறுக்கும். வீட்டில் குத்துவிளக்கோடு வைத்திருக்கும் வெள்ளிக் கிண்ணம் எப்படி ஆகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தங்கம் கறுக்காது. 'ஆர்க்கைவல்' என்று விற்கும் சிடிகளில் தங்கப் பூச்சும் தாலோசயனினும் சேர்ந்திருப்பது இதனால்தான். சில கம்பெனிகள் 100 வருஷம், 200 வருஷம், அதற்கும் மேல் என்று போடுகின்றன. அந்த எண்ணிக்கை வெப்பமும் ஈரமும் கூட்டிய பெட்டிக்குள் சில வாரங்கள் வைத்துப் பார்த்து, அதை நீட்டிக் கணக்கிட்டது. எழுதும் சிடி பிறந்தே இன்னும் நாற்பது வருஷம் ஆகவில்லை. எனக்கு அந்த எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லை. ஆனால் தங்கச் சிடி சாதாரணச் சிடியைவிட நீண்ட நாள் தாங்க நியாயமான காரணம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு விஷயம்: தங்க நிறத்தில் இருப்பதெல்லாம் தங்கம் இல்லை. மேலே மஞ்சள் அரக்கு பூசினாலும் அப்படித்தான் மின்னும். பெட்டியில் பொன் பூச்சு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கீறலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வார்கள். மேசையில் வைக்கும்போது லேபிளைக் கீழே வைப்பார்கள். உண்மையில் ஆபத்து மேல்பக்கத்துக்குத்தான். அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, அதில் விழும் கீறலைத் தேய்த்துக்கூட எடுத்துவிடலாம். மேலே உலோகத்துக்குக் காவல் சில மைக்ரோமீட்டர் அரக்கு மட்டும்தான். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி 'இளையராஜா 1' என்று எழுதினால் அந்த எழுத்தே பாட்டின் மேல் விழுந்த கீறல். சிடிக்கென்று விற்கும், நீர் சார்ந்த மையுள்ள மெத்தென்ற பேனாதான் நல்லது. ஒட்டும் லேபிளை மறந்துவிடுங்கள். நாளாக நாளாக அது சுருங்கி, உலோகத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். விலை கூடிய சிடிகள் பலவற்றில் இந்த மேல் அரக்கு தடிமனாக இருக்கும். காரில் தூக்கிப்போடும் சிடிக்குத் தங்கத்தைவிட இதுதான் அதிக உபயோகம்.

பெயர் ஒன்று, தொழிற்சாலை வேறு

இத்தனையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. பெட்டியின் மேல் உள்ள பெயரும் உள்ளே இருக்கும் சிடியும் ஒரே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. டெல்லியை ஒட்டிய நொய்டாவில் சிடி செய்த மோசர் பேயரை நம் ஊரில் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் போட்ட கம்பெனியாகத்தான் பலருக்கும் ஞாபகம். ஆனால் அது உலகின் மிகப்பெரிய வட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்றாக இருந்தது. வெளிநாட்டுப் பெயர்கள் பலவற்றுக்கும் அங்கிருந்துதான் சிடி போனது. 2018-இல் அதைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. தரத்துக்குப் பேர்போன தையோ யூடனும் 2015-இன் கடைசியோடு வட்டுத் தொழிலை விட்டுவிட்டது. வெர்பேட்டிமை மிட்சுபிஷி 2019-இல் தைவானின் சிஎம்சி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆக, 2005-இல் யாரோ "இந்தச் சிடி அருமை" என்று எழுதியதைப் படித்துவிட்டு இன்று அதே பெயரை வாங்கினால், உள்ளே இருப்பது அன்று இருந்ததாக இருக்காது.

ஓரளவு கண்டுபிடிக்க வழி உண்டு. பிளாங்க் சிடியை டிரைவில் போட்டு, இம்ஜ்பர்ன் என்ற மென்பொருளைத் திறந்தால் வலப்பக்கம் சிடியின் விவரம் வரும். அதில் நிமிடம், வினாடி போல ஓர் எண் இருக்கும். 97 நிமிடம் 24 வினாடி 01 என்று காட்டினால் அது தையோ யூடன் அச்சு. இது தடம் போட்ட அச்சு யாருடையது என்பதைத்தான் சொல்லும், சாயத்தின் தரத்தைச் சொல்லாது. தையோ யூடனுக்குப் போலிகளும் இருந்தன. இருந்தாலும் பெட்டியின் மேல் உள்ள படத்தைவிட இது நம்பகமானது.

எழுதும்போது

விலை கூடிய சிடியை, பாட்டு ஓடும் வேகத்தைப் போல 52 மடங்கு வேகத்தில் எழுதிக் கெடுப்பதைவிட, சாதாரணச் சிடியை நிதானமாக எழுதுவது மேல். அதற்காக மிகக் குறைந்த வேகம்தான் சிறந்தது என்று நினைக்கவும் வேண்டாம். இப்போதைய சாயங்கள் வேகமாக எழுதவே தயாரானவை, லேசர் மெதுவாகப் போனால் சூடு ஒழுங்காகப் பிடிக்காது. 16 அல்லது 24 மடங்கு நல்ல நடு வழி. பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் இருக்க, முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தெடுங்கள். கச்சேரிப் பதிவில் ராகமும் கிருதியும் இரண்டு டிராக்காக இருந்து, நடுவே இரண்டு வினாடி மௌனம் விழுந்தால் எவ்வளவு எரிச்சலாக இருக்கும்! அழித்தெழுதும் சிடியைப் பாட்டுக்கு வாங்க வேண்டாம். ஒளியை வெகு குறைவாகத்தான் திருப்பும் என்பதால் பழைய பிளேயர்கள் பல அதைத் தொடவே தொடாது.

சரி, எதை வாங்குவது?

கேட்பதற்கு மட்டும் என்றால், நம்பிக்கையான கடையில், நடுத்தர விலையில், ஓரளவு பெயருள்ள சிடி போதும். பெயரே தெரியாத, அடிமாட்டு விலைச் சிடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே சாயம் விளிம்புவரை சீராகப் பரவாமல், கடைசிப் பாட்டுகள் முதலில் கெடும். காரில் வெயிலில் காய்கிற சிடிக்குத் தங்கம் வாங்குவது காசைக் கரியாக்குவது. கெட்டால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம், மூலக்கோப்பு கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது.

வேறெங்கும் கிடைக்காத ஒலி என்றால் பேச்சு வேறு. பாட்டி பாடிய தாலாட்டுக் கேசட், ஊர்த் திருவிழாவில் டேப்பில் பிடித்த நாகஸ்வரம், இந்த மாதிரி. இதற்கு நல்ல சிடி வாங்கலாம். ஆனால் ஒரு தங்கச் சிடி வாங்கும் காசில், வெவ்வேறு கம்பெனியின் இரண்டு நல்ல சிடிகளை வாங்கி இரண்டிலும் எழுதி, ஒன்றைத் தம்பி வீட்டில் கொடுத்து வைப்பதையே நான் சொல்வேன். கூடவே ஒரு ஹார்டு டிஸ்கிலும் இருக்கட்டும். எழுதும்போது ஆடியோ சிடியாக இல்லாமல் டேட்டா சிடியாக, வேவ் கோப்புகளாக எழுதுங்கள். சிடியில் தகவல் செக்டர் என்ற சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஆடியோ சிடியில் அப்படி ஒரு பகுதியின் 2,352 பைட்டும் பாட்டுக்கே போய்விடும். டேட்டா சிடியில் 2,048 மட்டும் கோப்புக்கு, மிச்சத்தில் பெரும்பகுதி மூன்றாவது கட்டப் பிழைதிருத்தத்துக்கு. ஆயிரம் வருஷம் என்று விளம்பரம் செய்யும் எம்-டிஸ்க் பற்றியும் கேட்பார்கள். அது டிவிடி, புளூரே வடிவத்தில்தான் வந்தது, சிடியில் கிடையாது. அதில் எழுதினால் உங்கள் சிடி பிளேயரில் போட முடியாது. கோப்புகளைச் சேமிக்க மட்டும் என்றால், அதற்கேற்ற ரைட்டர் இருந்தால் யோசிக்கலாம்.

எழுதி வைத்தவற்றை அலமாரியில், வெயில் படாமல், பெட்டிக்குள் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் போட்டு, கோப்புகள் முழுதும் படிகின்றனவா என்று பாருங்கள். நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்ற மென்பொருளும் அதற்குப் பொருந்தும் டிரைவும் இருந்தால் சி1, சி2 எண்ணிக்கையை வரைபடமாகவே காட்டும். சி1 வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனாலோ, சி2-இல் ஒன்றிரண்டு புள்ளி தெரிந்தாலோ, பாட்டு இன்னும் நன்றாகத்தான் கேட்கும். வேறு சிடிக்கு மாற்ற வேண்டிய நேரமும் அதுதான்.